திறந்திருந்த வலது காது

என் சித்தி பல் செய்கிறவள். பல் டாக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து ஒரு டப்பாவில் போட்டு அனுப்புவார்கள். அந்த அச்சில் கல்மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, மெருகேற்றி பல் செட்டாகத் திருப்பி அனுப்பும் சின்னக் கூடம் ஒன்று இருக்கிறது. சித்திக்கு அங்கே வேலை. கூடத்தில் அவளும் முதலாளியும் மட்டும்தான். முதலாளி ஜன்னல் பக்கம், சித்தி மோட்டார் பக்கம். தெருவில் யாராவது சிரித்தால் சித்தி முகத்தைப் பார்க்க மாட்டாள், பல்லைத்தான் பார்ப்பாள். "மேல் வரிசை நம்ம கூடத்துது," என்று என் காதில் கிசுகிசுப்பாள். அவர் எங்களைத் தாண்டிப் போகும்வரை எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

இந்த வேலையோடு சேர்த்து, ரொம்ப வருஷம் அவள் ஒரு இசைக்குழுவின் பாடகியாகவும் இருந்தாள். ஹோட்டல்களில், அலுவலக ஆண்டு விழாக்களில், கல்லூரிகளில் பாடுவார்கள். எல்லாம் ஊரில் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டுகள். கூட்டம் எதற்கு ஆடுமோ அதைத்தான் பாட வேண்டும். குழுவில் நாலு பேர். யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. டிரம்ஸ் வாசிப்பவர் குச்சி. கிட்டார் வாசிப்பவர் கம்பி. கீபோர்டு வாசிப்பவர் கட்டை. ஆளும் கொஞ்சம் குட்டைதான். சித்தி தொண்டை. "தொண்டை வந்தாச்சா? ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டால் அதுதான் ஒத்திகை.

குச்சி பகலில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வேன் நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால் ஒரு அறை உண்டு. அங்கேதான் ஒத்திகை. மேடையில் யார் எங்கே நிற்பது என்பதெல்லாம் அந்த அறையில் முடிவானது. யாரும் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்யவில்லை. டிரம்ஸை வைக்க ஒரே ஒரு மூலைதான் இருந்தது. அந்த மூலைக்கு இடப்பக்கம்தான் சித்திக்கு நிற்க இடம் கிடைத்தது. அதனால் குச்சி எப்போதும் அவளுடைய வலது பக்கம். பெரிய மேடைக்குப் போனாலும் அப்படியே நின்றார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததெல்லாம் இதிலிருந்துதான் வந்தது. ஒரு ஹோட்டலில் பாடுகிறவர்களுக்கு இரண்டு காதிலும் மாட்டிக்கொள்ள இயர்போன் கொடுப்பார்கள். மற்ற வாத்தியங்களின் சத்தம் அதில் வரும். சித்தி இடது காதில் மட்டும் மாட்டுவாள். வலது காதைத் திறந்தே விடுவாள். "அது குச்சி அண்ணனுக்கு," என்பாள். அவர் குச்சிகள் இரண்டையும் ஒன்றோடொன்று தட்டி எண்ணுவதை நேராகக் கேட்டால்தான் அவளுக்குப் பாட்டை எடுக்க வரும். கம்பிக்கு இதைப் பார்த்தால் கிண்டல் செய்யாமல் இருக்க முடியாது.

"அந்தக் காதை வாடகைக்கு விட்டிருக்கியா தொண்டை?"

"உனக்குக் கிடையாது. போய் உன் கம்பியை முறுக்கு."

குழு உடைந்தது என்று சொல்ல முடியாது. உடைந்திருந்தால் ஒரு சண்டையாவது நடந்திருக்கும். கட்டை குடும்பத்தோடு வேறு நாட்டுக்குப் போனார். கம்பிக்குக் கல்யாண வீடுகளில் வாசிக்கும் இன்னொரு குழுவில் இடம் கிடைத்தது. முதலில் "அப்பப்போ போய்ட்டு வரேன்" என்றார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தில் அவர் படம் இருந்தது. குச்சிக்குத் தோள் பிடித்துக்கொண்டது. கையை முழுதாகத் தூக்க முடியவில்லை. ஒருநாள் போனில் இருந்த குழுவில் அவர், "இந்த வாரம் ஒத்திகை இல்லை" என்று அனுப்பினார். அடுத்த வாரம் எதுவும் அனுப்பவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. அதன் பிறகு அந்தக் குழுவில் வந்ததெல்லாம் குச்சி தினமும் காலையில் அனுப்பும் பூப் படம் போட்ட காலை வணக்கம்தான்.

சித்தி ரொம்ப நாள் காத்திருந்தாள். ஒத்திகைக் கிழமையில் வேலை முடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு, போனைப் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்துகொள்வாளாம். முதலாளி இதைக் கவனித்திருக்கிறார்.

"என்னம்மா, இன்னிக்குக் கச்சேரி இல்லையா?"

"இல்ல சார்."

"அப்போ அந்தக் கீழ் வரிசையை முடிச்சுக் குடுத்துட்டுப் போயிடு."

அவள் முடித்துக் கொடுத்தாள். அவள் வேலையை ஒழுங்காக முடிக்கிறவள்.

அப்புறம் ஒருநாள் ஒரு லேப்டாப், சின்னக் கீபோர்டு, மைக், தலையில் மாட்டும் ஹெட்போன் எல்லாம் அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. சித்தி எங்கள் வீட்டுக்கு நேர் மேலே இரண்டு அறையில் தனியாக இருக்கிறாள். கல்யாணம் ஆகவில்லை. அம்மா அதைப் பற்றி இப்போது பேசுவதும் இல்லை. சாமான்களைப் பார்த்ததும் அம்மா படியில் நின்றே ஆரம்பித்தாள்.

"என்னடி இது, கடை போடப் போறியா?"

"பாட்டு பண்ணப் போறேன்க்கா. என் பாட்டு. தனியா ஒரு ஆல்பம்."

"யாரு வாசிப்பா?"

"இதுதான்," என்று சித்தி லேப்டாப்பைத் தட்டிக் காட்டினாள்.

இப்படித்தான் அவள் எலக்ட்ரானிக் ராக்குக்கு வந்தாள். யாராவது கேட்டால் அந்த வகை இசையில் அவளுக்குப் பெரிய காதல் என்று நான் சொல்லலாம். ஆனால் அவளே சொன்னது வேறு. "டிரம்ஸுக்கு ஆள் இல்ல, மெஷின் அடிக்குது. கிட்டாருக்கு ஆள் இல்ல, கம்ப்யூட்டர் கிழிக்குது. வேற என்ன பண்றது? கத்தறதுக்கு மட்டும் ஆள் இருக்கு." அவ்வளவுதான் காரணம். ஆனால் செய்யச் செய்ய அவளுக்கு அது பிடித்துப்போனது. தரையை அதிரவைக்கிற தடித்த பேஸ் ஒலி ஒன்றைக் கண்டுபிடிப்பதற்காக ஒரு ஞாயிறு முழுக்க கீபோர்டில் ஒரே ஒரு கட்டையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

வேலையை ஆரம்பிக்கும் முன்னால் குழுவுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். "நான் தனியா ஒரு ஆல்பம் பண்றேன்" என்று எழுதினாள். "தனியா" என்பதை அழித்தாள். அழித்தால் எல்லோரும் சேர்ந்து செய்வது போல இருந்தது. மறுபடி சேர்த்து அனுப்பினாள். குச்சியிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது. கட்டை சில நாள் கழித்து "சூப்பர்" என்றார். கம்பி படித்துவிட்டார், பதில் இல்லை.

பாடுவது ஞாயிற்றுக்கிழமைகளில்தான், அதுவும் பட்டப்பகலில். குரல் அறையில் எதிரொலிக்கக் கூடாது என்பதற்காகத் துணி அலமாரியின் இரண்டு கதவையும் திறந்து வைத்து, அதற்கு முன்னால் மைக்கை நிறுத்துவாள். முதுகுப் பக்கம் மெத்தையைச் சுவரில் சாய்த்து நிமிர்த்தி வைப்பாள். அவள் முகத்துக்கு நேரே அவளுடைய சேலைகளும் சட்டைகளும் தொங்கும். அவற்றைப் பார்த்துத்தான் பாடினாள்.

கீழே எங்களுக்கு என்ன கேட்டது என்பதைச் சொல்ல வேண்டும். இசை முழுவதும் அவள் ஹெட்போனுக்குள் இருந்தது. எங்களுக்கு வந்தது வெறும் குரல். ஒரு பொம்பளை திடீரென்று ஒரு வரி கத்துவாள். சத்தமே இருக்காது. மறுபடி கத்துவாள். பக்கத்து வீட்டம்மா ஒருநாள் தயங்கித் தயங்கி அம்மாவிடம் கேட்டேவிட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க தங்கச்சி யார்கூடச் சண்டை போடறாங்க?"

"யார்கூடவும் இல்லீங்க," என்றாள் அம்மா. "சண்டை போடவாவது ஒரு ஆள் இருந்தா தேவலைன்னுதான் நானும் பார்க்கறேன்."

இப்படியே ஒன்றரை வருஷம் போனது. ஒன்பது பாட்டு ஆனது. அதில் கடைசிப் பாட்டின் தொடக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாத்தியம் எதுவும் இல்லாமல் குரல் மட்டும் வரும்:

சுவிட்சைத் தட்டினேன், வெளிச்சம் வந்தது.
நாற்காலி நாலும் அப்படியே இருந்தது.

இரண்டு முறை இதைப் பாடிய பிறகுதான் மெஷின் டிரம்ஸ் இடி மாதிரி இறங்கும்.

பாட்டுகளைச் சரிசெய்து கொடுக்க ஒரு சவுண்ட் இன்ஜினியரைப் பிடித்தாள். அவருக்குச் செருப்புக் கடை மாடியில் ஒரு அறை. பெரும்பாலும் விளம்பரங்களுக்கு வேலை செய்கிறவர். சித்தியை விடச் சின்னவர். முதல் பாட்டைக் கேட்டதும் தலையை ஆட்டி, "செமயா இருக்குக்கா. யாரு பண்ணது இந்த பேஸ் எல்லாம்?" என்று கேட்டார். சித்திக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றரை வருஷத்தில் அந்தப் பாட்டை அவளைத் தவிர ஒருவர் முழுதாகக் கேட்பது அதுதான் முதல் தடவை.

அப்புறம் அவர் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் ஓடவிட்டார். குரலுக்குப் பின்னால் டிக், டிக், டிக் என்று மெலிதாக ஒரு சத்தம்.

"இது என்னக்கா?"

சித்திக்கும் அது என்னவென்று தெரியவில்லை. அவர் இரண்டாவது பாட்டைத் திறந்தார். அதிலும் டிக், டிக். மூன்றாவதிலும். ஒன்பதிலும்.

"ஹெட்போனை எப்படி மாட்டியிருந்தீங்க? காட்டுங்க."

சித்தி மேசையில் இருந்த ஹெட்போனை எடுத்துத் தன் வழக்கப்படி மாட்டிக்காட்டினாள். இடது காது மூடியிருந்தது. வலது பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளி விட்டிருந்தாள்.

இன்ஜினியர் நெற்றியில் தட்டிக்கொண்டார். மெஷினோடு பாடும்போது தாளம் தவறாமல் இருக்க ஹெட்போனில் ஒரு கடிகாரம் மாதிரி டிக் டிக் ஓடிக்கொண்டே இருக்கும். கேட்கிறவர்களுக்கு அது வராது, பாடுகிறவருக்கு மட்டும். சித்தி திறந்து விட்ட வலது பக்கத்திலிருந்து அது அறைக்குள் கசிந்து, மைக்குக்குள் போய், அவள் குரலோடு பதிவாகிவிட்டது. எல்லா ஞாயிறும், எல்லாப் பாட்டிலும்.

"இதைப் பிரிச்சு எடுக்க முடியாதுக்கா. குரல் மேலயே உட்கார்ந்திருக்கு. சத்தமான இடத்துல தெரியாது. மெதுவான இடத்துல அசிங்கமாக் கேக்கும். திரும்பப் பாடித்தான் ஆகணும்." அவர் கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்: "அந்தக் காதை ஏன் திறந்து வச்சீங்க? யாரைக் கேக்கறதுக்கு? அங்க யாரும் இல்லையே."

அவர் கேட்டதில் குத்தல் ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சித்தி "பழக்கம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். படியேறும்போது அம்மா, "என்ன சொன்னாரு?" என்று கேட்டதற்கு, "நல்லாயிருக்குன்னாரு," என்றாள். அதுவும் பொய்யில்லைதான்.

மறுபடி பாட அவளுக்கு நிறைய நாள் இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும். எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்து மனையில் பெரிய மாடிக் கட்டடம் வரப்போவதாகப் பலகை வைத்திருந்தார்கள். அஸ்திவாரத்துக்குத் தூண் இறக்கும் இயந்திரம் அடுத்த மாதம் வரும். அது வந்தால் ஞாயிறு என்ன, கட்டடம் முடியும்வரை எந்தக் கிழமையும் இரவு பகலாக ஜன்னல் கண்ணாடி அதிரும். வாடகை கொடுத்து வேறு இடத்தில் பாட அவளிடம் பணம் இல்லை, இன்ஜினியர் அறையிலோ பாடிப் பதிய வசதி இல்லை. அந்த அலமாரியும் அந்த மெத்தையும் இருந்தால்தான் உண்டு. இயந்திரம் வருவதற்குள் ஒன்பது பாட்டையும் பாடியாக வேண்டும். இல்லையென்றால் ஒன்றரை வருஷ உழைப்பும் லேப்டாப்பிலேயே கிடக்கும்.

அடுத்த ஞாயிறு இரண்டு காதையும் நன்றாக மூடிக்கொண்டு நின்றாள். பாட்டு வரவில்லை. "தண்ணிக்குள்ள தலையை முக்கிட்டுப் பாடற மாதிரி இருந்துச்சு," என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். அவள் மூச்சு அவளுக்கே பெரிதாகக் கேட்டது. எச்சில் விழுங்குவது கேட்டது. நாக்கு பல்லைத் தொட்டு விலகுவதுகூடக் கேட்டது. டிக் டிக் இரண்டு காதிலும் சுத்தமாக ஓடியது. ஆனால் எங்கே எடுக்க வேண்டும் என்பது பிடிபடவில்லை. எடுத்தால் சுருதி கீழே இறங்கியது. ஒரே வரியைப் பாடிப் பாடித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அந்த ஞாயிறும் போனது, அடுத்ததும் போனது.

கூடத்தில் வேலை செய்துகொண்டே அவள் வாய் அந்த வரியை முணுமுணுத்திருக்கிறது. மெருகேற்றும் மோட்டார் ஒரே சுருதியில் ஓடுவதால் அவளுக்கு அது வசதி.

"ஏம்மா, இன்னும் அந்தப் பாட்டு முடியலையா? எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு," என்றார் முதலாளி.

"இங்க வருது சார். வீட்டுலதான் வர மாட்டேங்குது."

"இங்கயே பாடிடேன். இத்தனை பல்லு கேட்டுட்டு இருக்கு. ஒண்ணும் எதிர்த்துப் பேசாது."

சித்தி சிரித்தாளாம். அன்றைக்கு மாலையே இன்ஜினியருக்குப் போன் செய்து, "விட்டுடலாம்னு இருக்கேன் தம்பி," என்றாள்.

"எதைக்கா விடறது?"

"ஆல்பத்தை. ரெண்டு காதையும் மூடினா எனக்குப் பாட வரல. பாடினா அது நான் மாதிரி இல்ல."

அவர் சிரித்துவிட்டார். "மூடச் சொன்னது யாரு? நான் சொல்லவே இல்லையே. வலது பக்கத்துக்குச் சத்தமே போகாம நிறுத்திடுங்க. அங்க சத்தம் இல்லேன்னா எங்கேருந்து கசியும்? காது பாட்டுக்குத் திறந்தே இருக்கட்டும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான். முதல்லயே கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம். குழுவில் இருந்த நாளில் இந்த மாதிரி விஷயங்களைக் கட்டை பார்த்துக்கொள்வார். ஒயர், பிளக், சத்தம் எல்லாம் அவர் பொறுப்பு. சித்தி வந்து நின்று பாடினால் போதும். தெரியாததை ஒருவரிடம் கேட்கும் பழக்கமே அவளுக்கு விட்டுப்போயிருந்தது.

அடுத்த ஞாயிறு மெத்தையை நிமிர்த்தி, அலமாரியைத் திறந்து, ஹெட்போனின் வலது பக்கத்தை ஊமையாக்கிக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு நின்றாள். மெஷின் இடது காதில் எண்ண ஆரம்பித்தது. வலது காதில் ஒன்றுமே இல்லை.

அவள் பாடவில்லை. மெஷினை நிறுத்திவிட்டாள்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இத்தனை ஞாயிறுகளும் அந்தக் காது சும்மா இருக்கவில்லை. காதுக்குப் பின்னால் டிக் டிக் என்று ஒன்று தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. வலது பக்கம், கொஞ்சம் பின்னால், குச்சி உட்கார்ந்திருக்கும் அதே இடத்தில். அது கேட்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாமல் அதைக் கேட்டுக்கொண்டுதான் பாடியிருக்கிறாள். இப்போது திறந்திருந்த காதில் வந்தது அவள் வீடு. மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறும் சத்தம். யாரோ கதவைச் சாத்துவது. பிறகு அதுவும் இல்லை.

"ஒன்றரை வருஷமா நான் தனியா இருக்கேன்னு நினைச்சுட்டு இருந்தேன்," என்று என்னிடம் சொன்னாள். "இல்ல. அன்னிக்குத்தான் ஆரம்பிச்சுது."

கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து பாடினாள்.

கீழே நாங்கள் வழக்கமான கத்தலுக்குக் காத்திருந்தோம். வரவில்லை. ஏதோ ஒரு சத்தம் இருந்தது, ஆனால் வார்த்தை பிடிபடவில்லை. அம்மா கையிலிருந்த வேலையை வைத்துவிட்டுப் படியில் பாதி ஏறி நின்றாள். நானும் பின்னால் போனேன். சித்தி கத்தவில்லை. முன்பெல்லாம் மூன்று வாத்தியங்களைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போய்ச்சேர வேண்டும் என்பது மாதிரி பாடுவாள். இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவருக்குச் சொல்வது மாதிரி இருந்தது.  அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அந்த மாதத்தில் மிச்சமிருந்த நாளெல்லாம் சித்தி ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமல்ல, வேலைக்குப் போகும் முன்பும் பாடினாள். மெத்தை நிமிர்ந்தபடியே நின்றது. அவள் பாயில் படுத்தாள். எட்டுப் பாட்டு முடிந்தது. ஒன்பதாவதை, அந்த நாற்காலிப் பாட்டை, கடைசி ஞாயிறுக்கு என்று வைத்திருந்தாள்.

அதற்கு முன்னாலேயே இயந்திரம் வந்துவிட்டது. சொன்ன தேதிக்கு எதுவும் வராத ஊரில் அது மட்டும் முன்கூட்டியே வந்து நின்றது. முதல் அடி விழுந்தபோது எங்கள் வீட்டு அலமாரியில் இருந்த டம்ளர்கள் எல்லாம் ஒன்றாக நடுங்கின. அந்த ஞாயிறு சித்தி அது ஓயட்டும் என்று காத்திருந்தாள். ஓயவில்லை. அதற்கும் ஒரு தாளம் இருந்தது, அவளுடைய தாளம் இல்லை. மெத்தையைப் படுக்கப் போட்டாள்.

இன்ஜினியர் பழைய பதிவை வைத்துக்கொண்டு யோசித்தார். "இடி இறங்கினதுக்கு அப்புறம் தெரியாதுக்கா. முதல் ரெண்டு வரிதான் பிரச்சனை. குரல் மட்டும் இருக்கு, டிக் டிக் அப்படியே நிக்குது. மேல வேற ஒரு தாளத்தைப் போட்டு மூடிடலாம். இல்ல, இந்தப் பாட்டையே எடுத்துடலாம். எட்டு இருந்தா போதும்."

"மூட வேண்டாம்."

"அப்போ எடுத்துடலாமா?"

"எடுக்கவும் வேண்டாம். இருக்கறது இருக்கட்டும் தம்பி."

"கேக்கறவங்க என்னைத்தான் திட்டுவாங்க. இன்ஜினியர் தூங்கிட்டான்னு."

"என் பேரைச் சொல்லிடுங்க," என்றாள் சித்தி.

ஆல்பத்துக்கு அவள் வைத்த பெயர் "இந்த வாரம் ஒத்திகை இல்லை". இணையத்தில் போட்டாள். கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். யாரோ தெரியாத ஒருவர், மூன்றாவது பாட்டை வண்டியில் போகும்போது தினம் கேட்பதாக எழுதியிருந்தார். அதை எனக்குப் படித்துக் காட்டினாள். பிறகு தானே இன்னொரு தடவை படித்துக்கொண்டாள். குழுவுக்கும் அனுப்பினாள். குச்சியிடமிருந்து கட்டைவிரல். கட்டையிடமிருந்து கைதட்டும் படம். கம்பி படித்துவிட்டார். மறுநாள் காலையில் வழக்கம்போலப் பூப் படம் வந்தது.

சித்தி அதற்கு மேல் யாரையும் கேட்கவில்லை. "கேட்டீங்களா" என்று கேட்பது அவளுக்கு வராது. நான்தான் கொதித்தேன். ஒரு வார்த்தை சொன்னால் என்ன, வாயில் என்ன வைத்திருக்கிறார்கள் என்றேன். "அவங்க மேல் வரிசை நம்ம கூடத்துது இல்ல, எனக்குத் தெரியாது," என்றாள்.

குச்சி போன் செய்தது ஒரு மத்தியானம். சித்தி கூடத்தில் மெழுகுக் கத்தியோடு உட்கார்ந்திருந்தாள். அவர் பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்திவிட்டு மணி அடிப்பதற்காகக் காத்திருந்தார்.

"தொண்டை."

"சொல்லுங்கண்ணே."

"என் மெசேஜைத் தூக்கித் தலைப்பா வச்சுட்டே. ஒரு வார்த்தை கேக்கல."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் யோசித்தார். "கட்டைவிரல் அனுப்பியிருப்பேன்."

இருவரும் சிரித்தார்கள்.  தோள் எப்படி இருக்கிறது என்று சித்தி கேட்டாள். ஸ்டியரிங் பிடிக்க முடிகிறது, கை தலைக்கு மேல்தான் போக மாட்டேன் என்கிறது என்றார்.

"பிள்ளைங்க இல்லாதப்போ வண்டியில போட்டுக் கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமா. இன்னிக்குத்தான் கடைசிப் பாட்டுக்கு வந்தேன். அதுல யாரு வாசிக்கறது?"

"யாருமில்லண்ணே. எல்லாம் மெஷின்தான்."

"மெஷின் அடி எனக்குத் தெரியாதா? அதைச் சொல்லல. ஆரம்பத்துல, நீ மட்டும் பாடறப்போ. உன் பக்கத்துல யாரோ மெதுவாத் தட்டிக் குடுத்துட்டு இருக்காங்க."

சித்தி கத்தியைக் கீழே வைத்தாள். "அது ஹெட்போன். ஒரு காதுல மாட்டாம விட்டுட்டேன். அதுலேருந்து கசிஞ்சு பதிவாயிடுச்சு. திரும்பப் பாட முடியல."

"எந்தக் காது?"

"வலது."

 அந்தப் பக்கம் பள்ளிக்கூட மணி அடித்தது. "சரி, பிள்ளைங்க வந்துடுச்சு," என்றார். ஒத்திகை பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. சித்தியும் கேட்கவில்லை. போனை நிறுத்திவிட்டதாக நினைத்து அவர் அப்படியே முன்னால் வைத்துவிட்டார் போலிருக்கிறது. வேன் கதவு சறுக்கித் திறக்கும் சத்தம், பிள்ளைகள் இடத்துக்கு அடித்துக்கொள்வது, "ஒருத்தன் மேல ஒருத்தன் ஏறாதீங்கடா" என்ற அவர் குரல் எல்லாம் வந்தது. கதவைச் சாத்தினார். இன்ஜின் உறுமியது. பிறகு வண்டியைத் தெருவுக்குத் திருப்புவதற்காக அவர் சிக்னல் விளக்கைப் போட்டார்.

டிக், டிக், டிக், டிக்.

சித்தி போனை இடது காதிலிருந்து எடுத்து வலது காதில் வைத்துக்கொண்டாள். முதலாளி ஏதோ கேட்டார், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். வேன் திரும்பும்வரை அது ஓடியது. திரும்பியதும் நின்றுவிட்டது.